சிற்றெறும்பும் முதற்சீலமும்

கொல்கத்தா நகரின் தென்பகுதியில் லேக் மார்க்கெட் என்னும் வட்டாரம் உண்டு. வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பிக்கொட்டையும் வாங்க அந்நகரத்துத் தமிழர் நெடுங்காலமாகக் கூடும் இடம் அது. அவ்வட்டாரத்தில் வாழும் உபாசிகை ஒருவர் சென்ற மழைக்காலத்தில் நமக்கு ஒரு கடிதம் விடுத்தார். அதனை நாம் பலமுறை படித்தோம். விடை எளிது என்று முதலில் தோன்றியது. படிக்குந்தோறும் அஃது எளிதன்று என்பதை உணர்ந்தோம்.

சகோதரி எழுதியதன் சுருக்கம் இது. அவருக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. குடியிருப்பதோ சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய பழைய வீடு. மழை பிடித்தால் சுவரெங்கும் ஓதம். உத்தரத்தில் தூளி கட்டிக் குழந்தையை உறங்க வைத்திருந்தார். ஒருநாள் நள்ளிரவில் குழந்தை வீரிட்டு அலறியது. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, தூளிக் கயிற்றின் வழியே சிற்றெறும்புச் சாரை ஒன்று இறங்கி, பால் காய்ந்திருந்த வாயோரத்திலும் காதோரத்திலும் மொய்த்திருந்தது. 'குழந்தையை எடுத்துத் துடைத்தேன். பிறகு கயிற்றில் இருந்தவற்றைக் கையாலேயே நசுக்கினேன். குழந்தையின் அழுகை நின்ற பிறகும் நான் நசுக்குவதை நிறுத்தவில்லை' என்று அவர் எழுதுகிறார்.

இந்த இறுதி வாக்கியத்தின் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். வேறொருவராயின் இதனை எழுதாமலே விட்டிருப்பர். அவரோ எழுதினார். சீலம் என்பது அவருக்கு வாயளவில் நிற்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அவர் வினவுவன மூன்று. இரண்டாண்டுகளுக்கு முன் வைசாகப் பௌர்ணமியன்று தாம் ஏற்ற முதற்சீலம் அன்றிரவு முறிந்ததா? கணவர் வாங்கி வந்திருக்கும் எறும்புப்பொடியைத் தூவலாமா? 'நீ தூவாதே, வீடு பெருக்க வரும் பெண்ணைக் கொண்டு தூவச் செய். உனக்குப் பாவம் இல்லை' என்று அண்டைவீட்டு அம்மையார் கூறுவது சரியா?

இவ்வினாக்களுக்கு நம்மவரிடையே இருவகை விடைகள் வழங்குகின்றன. 'எறும்பைப் போய்ப் பெரிதாகப் பேசுவதா? உலகில் மனிதனை மனிதன் கொல்கின்றான். அதைப் பாருங்கள்' என்பார் ஒரு சாரார். 'எறும்பு கடித்தால் கடிக்கட்டும், அது அக்குழந்தையின் வினைப்பயன். கையை அசைத்தாலும் சீலம் கெடும்' என்பார் மற்றொரு சாரார். முதல் விடை சீலத்தைச் சிறுமைப்படுத்துகிறது. இரண்டாவது விடை குழந்தையைச் சிறுமைப்படுத்துகிறது. இரண்டிலும் ஒரு பொதுக்குறை உண்டு: விடை கூறுவோர் எறும்பையும் பார்க்கவில்லை, தாயின் மனத்தையும் பார்க்கவில்லை. நாம் முதலில் இவ்விரண்டையும் பார்ப்போம்.

எறும்பை அறிதல்

வீட்டில் காணும் எறும்பெல்லாம் ஒன்றல்ல. நம் பாட்டிமார் இதனை நன்கு அறிந்திருந்தனர். கடிக்காமல் விரைந்தோடும் கரிய சிற்றெறும்பைப் பிள்ளையார் எறும்பு என்றும், கடித்தால் எரியும் சிவந்ததைச் செவ்வெறும்பு என்றும், மரத்தில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டுவதை முசுறு என்றும், பெரிய கரியதைக் கட்டெறும்பு என்றும் பிரித்து வழங்கினர். அறிவியலாரும் இவ்வாறே பிரிக்கின்றனர். பெயர் மட்டுமே வேறு. தலை கருத்தும் வயிறு வெளிறியும் கண்ணுக்குப் புலப்பட்டும் படாமலும் ஊரும் மிகச்சிறிய எறும்பைத் தாபினோமா மெலனோசெஃபாலம் என்பர். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமுள்ள மஞ்சள் நிற எறும்பு மோனோமோரியம் ஃபாரவோனிஸ். எகிப்தியப் பேரரசர்களின் பெயரால் 1758இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். அதற்கு இனமான மற்றொன்றைச் சென்னைப் படையில் மருத்துவராய் இருந்த ஜெர்டன் என்பார் 1851இல் தென்னிந்திய எறும்புகளைத் தொகுத்து எழுதியபோது விளக்கி, 'அழிப்பது' என்னும் பொருள்பட டெஸ்ட்ரக்டர் என்று பெயரிட்டார். நம் நாட்டில் இருந்து எழுதியவர், நம் வீடுகளில் ஊர்வதற்கு, அழிப்பான் என்று பெயர் வைத்தார்! பெயரிட்டவன் மனிதன், எறும்பைக் கேட்டால் அப்பெயரை யாருக்குச் சூட்டுமோ, நாம் அறியோம்.

எறும்பைப் பகையாக அன்றி உயிராகப் பார்த்தவர்களும் உளர். அவர்களுள் ஒருவர் அந்தக் கொல்கத்தாவிலேயே வாழ்ந்தார். கோபால் சந்திர பட்டாச்சாரியர் என்பது அவர் பெயர். 1895இல் கிழக்கு வங்கத்துச் சிற்றூர் ஒன்றில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். பெரிய பட்டம் எதுவும் பெறாதவர். ஜகதீச சந்திர வசு 1917இல் கல்கத்தாவில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் 1921இல் சேர்ந்து, எறும்பும் சிலந்தியும் குளவியும் எவ்வாறு வாழ்கின்றன என்பதை நோக்குவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். மரத்து முசுறுகளைக் கூட்டோடு வளர்த்து, ஒரே முட்டையினத்தில் ராணியும் தொழிலாளியும் வேறுபட்டு வளர்வதில் உணவுக்கு உள்ள பங்கினை ஆராய்ந்தார். வங்கத்துப் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு 1975இல் ரவீந்திரப் பரிசு கிடைத்தது. 1981இல் மறைந்தார். பட்டமில்லாத ஒருவர், பிறர் காலால் மிதித்துச் செல்லும் உயிரின் அருகே மணிக்கணக்காய்க் குனிந்திருந்தார் என்பதை நினைக்கும்போது, பார்த்தலும் ஒரு பாவனையே என்று நமக்குத் தோன்றுகிறது.

அவரைப் போன்றோர் பார்த்துச் சொன்னவற்றால் சகோதரியின் வீட்டில் நிகழ்ந்ததை நாம் விளங்கிக்கொள்ளலாம். மழை பெய்து மண்ணில் நீர் ஏறினால், தரையில் குடியிருக்கும் எறும்பு உலர்ந்த இடம் தேடி மேலே ஏறும். பழைய சுவரின் வெடிப்பு அதற்கு வீடாகும். இரை தேடச் சென்ற ஓர் எறும்பு இனிப்பையோ பாலையோ கண்டால், திரும்பும் வழியெங்கும் தன் உடலிலிருந்து ஒரு மணப்பொருளைத் தரையில் இழைத்துச் செல்லும். அம்மணத்தைப் பற்றியே மற்றவை வரிசையாய் வரும். எறும்பு இவ்வாறு சுரப்பியிலிருந்து தடமிடுவதை வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1959இல் சோதித்துக் காட்டினார். மஞ்சள் எறும்போ, இரையில்லாத கிளைவழியில் 'இவ்வழி வேண்டா' என்று விலக்கும் மணத்தையும் இடுகிறது என்று 2005இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் கண்டனர். வரிசையில் வருவன யாவும் பெண் எறும்புகள். உண்டதை வயிற்றில் சேர்த்துச் சென்று, கூட்டில் உள்ள குஞ்சுகளுக்கும் உடன்பிறந்தவற்றுக்கும் வாயோடு வாய்வைத்து ஊட்டுகின்றன.

ஆகவே அன்றிரவு கயிற்றில் இறங்கியவை குழந்தையைக் கடிக்க வந்த பகைப்படை அல்ல. காய்ந்த பால் இருந்தது, பசி இருந்தது, வழி இருந்தது. மணிமேகலையின் அமுதசுரபி பசியைப் பிணி என்று கண்டு அதனைத் தீர்த்தது என்று படித்து மகிழ்பவர் நாம். தன் கூட்டிலுள்ள குஞ்சுக்காகப் பால் தேடி வந்தது ஓர் உயிர். தன் குஞ்சுக்காக அதனைத் தடுத்தது மற்றோர் உயிர். இரண்டையும் ஒரே நேரத்தில் காணவல்ல கண்ணே நாம் பெறவேண்டிய கண்.

சீலம் கூறுவது

எறும்பு சிறிது, ஆகவே சீலத்துக்குப் புறம்பு என்பார்க்கு விநய பிடகம் இடம் தரவில்லை. புதிதாய்த் துறவு ஏற்ற பிக்குவுக்கு, ஒருபோதும் செய்யத்தகாதவை என நான்கினை உணர்த்தும் இடத்தில், உயிர்க்கொலையைக் கூறும்போது எறும்பு வரையில் என்றே எல்லை குறிக்கப்படுகிறது. யானையைச் சொல்லி நிறுத்தவில்லை. பசுவைச் சொல்லி நிறுத்தவில்லை. மனிதர் எண்ணிப் பார்க்காத உயிரைச் சுட்டி எல்லைக்கல் நடப்பட்டது. மழைக்காலத்தில் பிக்குகள் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்னும் வஸ்ஸ விதி பிறந்ததும் இவ்வகைக் காரணத்தாலேயே. மழையில் ஊர் ஊராய் நடந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் குறை கூற, அக்குறையை ஏற்று விதி வகுத்தார் பகவான்.

ஆயினும் கொலை யாது என்று வரையறுக்கும்போது, உரையாசிரியர்கள் ஐந்து உறுப்புகளைக் கூறுவர். உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிர் என அறிதல், கொல்லும் எண்ணம், அவ்வெண்ணத்துக்கு ஏற்ற முயற்சி, அம்முயற்சியால் உயிர் நீங்குதல். ஐந்தும் கூடினாலன்றிக் கொலையின் வினை நிரம்பாது. இவற்றுள் நடுநாயகமாய் நிற்பது எண்ணம்.

தம்மபத உரையின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. சக்குபாலர் என்னும் தேரர் கண்பார்வை இழந்தவர். அருகத நிலை எய்தியவர். சேதவனத்தில் மழை பெய்து ஓய்ந்த இரவில் அவர் உலாவினார். மண்ணிலிருந்து கிளம்பிய பூச்சிகள் பல அவர் காலடியில் மடிந்தன. காலையில் வந்த பிக்குகள் இதனைக் கண்டு பகவானிடம் முறையிட்டனர். அவர் கொன்றதை நீங்கள் கண்டீர்களா என்று பகவான் வினவ, காணவில்லை என்றனர். நீங்கள் அவரைக் காணாதவாறே அவரும் அப்பூச்சிகளைக் காணவில்லை. அவரிடம் கொல்லும் எண்ணம் இல்லை என்று பகவான் விளக்கினார்.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் நம் வழி தெளிவாகும். எறும்பும் கணக்கில் உண்டு. எண்ணமும் கணக்கில் உண்டு. சகோதரியின் அந்த இரவை இவ்வளவுகோலால் அளப்போம். குழந்தையை வாரி எடுத்து வாயோரத்தையும் காதோரத்தையும் அவர் துடைத்தபோது எறும்புகள் சில மடிந்திருக்கும். அங்கே அவர் எண்ணம் காத்தல், கொல்லுதல் அன்று. அதற்காக அவர் வருந்த வேண்டியதில்லை. பிறகு கயிற்றில் இருந்தவற்றை நசுக்கினார். அச்சமும் சினமும் கலந்த செயல் அது. காக்கும் எண்ணமும் அதில் ஓரளவு இருந்தது. குழந்தையின் அழுகை நின்ற பின்னும் நசுக்கினாரே, அங்கே குழந்தை இல்லை; சினம் ஒன்றே இருந்தது. இந்த மூன்றாவது செயலைத்தான் அவர் மனம் அவருக்குச் சுட்டிக்காட்டியது. அவர் மனம் சொன்னது சரியே. நாம் அதனை மறுத்து ஆறுதல் கூறப்போவதில்லை.

ஆனால் ஒன்று கூறுவோம். பஞ்சசீலம் மேலிருந்து ஒருவர் இட்ட கட்டளை அன்று. மீறினால் தண்டிக்க ஒருவர் காத்திருக்கவும் இல்லை. அது பயிற்சி நெறி. நாமே விரும்பி ஏற்பது. நடக்கப் பழகும் குழந்தை விழுந்தால் நடை முறிந்தது என்று எவரும் கூறார். பிழையைப் பிழையென்று கண்டு, மீண்டும் சீலம் ஏற்று, அடுத்த முறை கை எழும்போது மனம் அதனைப் பார்த்திருக்கச் செய்வதே பயிற்சி. எறும்பைக் கொன்ற வினை மனிதனைக் கொன்ற வினைக்கு ஒப்பாகாது என்பதும் உரையாசிரியர் துணிபு. சிறுபிழையைப் பெரும்பாவமாக்கி நெஞ்சை வருத்துவது ஒரு மயக்கம்; சிறுபிழையாதலின் பிழையே அன்று என்பது மற்றொரு மயக்கம்.

கல்லில் எழுதிய எறும்பு

அசோகச் சக்கரவர்த்தியை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதற்கும் கல்கத்தாவே காரணம். பல நூற்றாண்டுகளாக எவராலும் படிக்க முடியாதிருந்த பிராமி எழுத்தை, வங்காள ஆசியச் சங்கத்தின் செயலாளராய் இருந்த ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் அந்நகரில் இருந்தே படித்தார். அவர் படித்தவற்றுள் தில்லித் தூண் சாசனமும் ஒன்று. அதிற் கண்ட பியதசி மன்னன் அசோகனே என்பதற்கு இலங்கையிலிருந்து ஜார்ஜ் டர்னர் பாலி நூற்சான்று அனுப்பினார்.

அத்தூணின் ஐந்தாம் சாசனத்தில், முடிசூடிய இருபத்தாறாம் ஆண்டில் கொல்லத்தகாதவை என்று அரசன் அறிவித்த உயிர்களின் பட்டியல் இருக்கிறது. கிளியும் மைனாவும் அன்னமும் ஆமையும் கூறும் அப்பட்டியலில் 'அம்பாகபிலிகா' என்னும் ஒரு சொல் உண்டு. கபிலிகா என்பது எறும்பு. அம்பா என்பதைத் தாய் எனக் கொண்டு ராணி எறும்பு என்று மொழிபெயர்ப்போர் பலர். மா எனக் கொண்டால் மாமரத்து எறும்பு என்றும் பொருள்படும். எதுவாயினும் ஆகுக. ஒரு பேரரசின் ஆணையில் எறும்புக்கு ஓர் இடம் இருந்தது. உயிர்கள் உள்ள உமியைக் கொளுத்தலாகாது என்றும் அதே சாசனம் கூறுகிறது. உமியில் இருக்கும் உயிர் எத்துணைச் சிறிது!

இதனினும் நம் நெஞ்சைத் தொடுவது முதற் பாறைச் சாசனம். தன் அடுக்களையில் முன்பு நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது மயில் இரண்டும் மான் ஒன்றுமே கொல்லப்படுகின்றன என்றும், மானும் நாள்தோறும் அன்று என்றும், இம்மூன்றும் இனிக் கொல்லப்படமாட்டா என்றும் அரசன் கல்லில் எழுதுவித்தான். 'யான் கொல்வதே இல்லை' என்று பொய் எழுதுவிக்க அவனால் இயலாதா? அவ்வாறு செய்யவில்லை. இன்னும் மூன்று மீதி உள்ளன என்று உலகறியக் கணக்கு ஒப்புவித்தான். சீலத்தில் வளர்வோன் செய்யவேண்டுவது இக்கணக்கே. நேற்று எத்தனை, இன்று எத்தனை, நாளை குறைக்க வழி யாது என்று கேட்பது. லேக் மார்க்கெட்டுச் சகோதரியின் கடிதம் அவ்வரசனின் சாசனத்தோடு ஒரே மரபைச் சேர்ந்தது என்று நாம் கருதுகிறோம்.

கொல்லாமல் காத்தல்

இரண்டாம் வினாவுக்கு வருவோம். பொடி தூவலாமா?

முதலில் தூவாமல் செய்யக்கூடியவற்றைக் கூறுவோம். குழந்தைக்குப் பால் ஊட்டியபின் வாயையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடுக. பால்பட்ட துணியைத் தூளியில் விடாதொழிக. தூளிக் கயிற்றின் மேல்முனையில் வேப்பெண்ணெயில் தோய்த்த துணியைச் சுற்றிக் கட்டுக. எறும்பு அதனைக் கடக்கத் தயங்கும். கட்டிலில் கிடத்துவதாயின், கட்டிலின் நான்கு கால்களையும் நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்துக. போர்வை தரையில் தொங்காமல் பார்த்துக்கொள்க. நம் வீடுகளில் உணவுப் பேழையின் கால்களுக்கு இவ்வாறே செய்தோம், உறி கட்டினோம். சாரை வந்த வழியைச் சோப்பு நீரால் துடைத்தால் மணத்தடம் அழியும். தடம் அழிந்தால் வரிசை சிதறித் திரும்பும். சுவர் வெடிப்பைச் சுண்ணமோ சிமெண்டோ கொண்டு அடைக்கலாம். எஞ்சியவற்றைத் தாளில் ஏற்றி வெளியே விடலாம்.

இவற்றால் எறும்பு ஒன்றுகூட மடியாது என்று கூறவில்லை. நீரில் சில விழும். எனினும் எண்ணம் தடுத்தலில் நிற்கிறது, கொல்லுதலில் நிற்கவில்லை.

பொடியைப் பற்றி அறியவேண்டிய மற்றொன்று உண்டு. முற்காலத்தில் வீடுதோறும் தூவிய கமேக்சின் போன்ற பி.எச்.சி. பொடிகள் மனித உடலுக்கும் மண்ணுக்கும் கேடு செய்வன என்று கண்டு, இந்திய அரசு 1997இல் பி.எச்.சி.யைத் தடைசெய்தது. கைக்குழந்தை தவழப்போகும் தரையில் நஞ்சைத் தூவுவதற்கு முன் தாயொருத்தி இருமுறை எண்ணவேண்டும். மேலும் மஞ்சள் எறும்பின் கூட்டில் ஒரு ராணி அன்று, பல ராணிகள் உண்டு. மருந்தைத் தெளித்து அவற்றை வெருட்டினால், எஞ்சிய ராணிகள் தொழிலாளிகளையும் குஞ்சுகளையும் அழைத்துக்கொண்டு பிரிந்து சென்று வெவ்வேறு வெடிப்புகளில் புதுக்குடி அமைக்கும். ஒரு கூடு பல கூடுகளாகும். சினத்தால் அடித்தவனுக்கு எறும்பு பெருகுகிறது. பொறுமையாய்த் தடம் துடைத்தவனுக்குக் குறைகிறது. இதனை அறநூல் கூறினால் அடியார் பேச்சு என்பர். பூச்சியியல் கூறும்போது எவரும் மறுப்பதில்லை.

கடினமான இடம்

இத்துடன் நிறுத்தினால் நாம் எளிதில் தப்பித்தவர்கள் ஆவோம். தடுத்தல் போதாத இடமும் உண்டு.

மஞ்சள் எறும்பு மருத்துவமனைகளில் புகும் இயல்புடையது. வெப்பமும் ஈரமும் அதற்கு வேண்டும். இரண்டும் அங்கே உண்டு. புண்ணின் கட்டுக்குள்ளும், மருந்து ஏற்றும் குழாய்களிலும், கிருமி நீக்கி வைத்த பொதிகளிலும் அது நுழையும். அதன் உடலில் நோய்க்கிருமிகள் பல இருந்ததை இங்கிலாந்து மருத்துவமனைகளில் கண்டு 1972இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். குறைமாதத்தில் பிறந்து, கையை அசைத்து ஈயை ஓட்டவும் ஆற்றலற்ற சிசுக்கள் கிடக்கும் அறையில் அது ஊர்கிறது என்று கொள்வோம். அவ்வறையில் பணிபுரியும் தாதி நம் உபாசிகை ஒருவர் என்றும் கொள்வோம். தடம் துடைத்தாயிற்று, வெடிப்பு அடைத்தாயிற்று, எறும்பு நிற்கவில்லை. அவர் செய்யவேண்டுவது யாது?

சிசுவைக் காக்கவேண்டும் என்பதே நம் விடை. கண்முன் ஓர் உயிர் நோயுறுவதைப் பார்த்து, 'என் சீலம் தூய்மையாய் இருக்கிறது' என்று கைகட்டி நிற்பவரிடம் கருணை இல்லை. தம் தூய்மையின்மேல் உள்ள பற்றே இருக்கிறது. அதுவும் ஒரு தன்னலம். ஆகவே மருந்து வைக்கவேண்டிய இடத்தில் வைக்கவேண்டும். அதிலும் குறைந்த தீங்கு உடையதைத் தேடவேண்டும். ராணியின் முட்டையிடும் ஆற்றலைக் குன்றச் செய்து, குஞ்சு வளர்வதைத் தடுத்து, கூடு நாளடைவில் தானே ஒடுங்கச் செய்யும் மருந்துகள் இன்று உண்டு. தெளித்து எண்ணற்றவற்றை மடியச் செய்வதினும் இஃது ஏற்றது. இதுவும் தீங்கற்றதன்று, குஞ்சுகள் இதனால் மடிகின்றன.

மருந்து வைத்தபின் நாம் கூறவேண்டுவது ஒன்று, கூறத்தகாதது ஒன்று. 'நன்மைக்காகச் செய்தேன், ஆகவே இது கொலையன்று' என்று கூறத்தகாது. பெயரை மாற்றினால் செயல் மாறாது. 'கொன்றேன், வேறு வழி கண்டிலேன், காக்கும் எண்ணத்தால் கொன்றேன், இனி இவ்வறைக்குள் அவை வராதிருக்க வழி செய்வேன்' என்று கூறுவதே தகும். உலகில் பெருங்கொலைகள் யாவும் பெயர்மாற்றத்தில்தான் தொடங்குகின்றன. முதலில் உயிர் என்னும் பெயர் நீக்கப்படுகிறது. பூச்சி என்றும் புழு என்றும் பெயர் இடப்படுகிறது. பிறகு நசுக்குவது எளிதாகிறது. மனிதரையும் அவ்வாறு பெயரிட்டு நசுக்கிய வரலாறு நாம் அறியாததன்று. ஆதலின் எறும்பைக் கொல்ல நேர்ந்தாலும் அதனை உயிர் என்றே அழைத்துக் கொல்லும் நேர்மை நமக்கு வேண்டும். அந்நேர்மை இருந்தால், கொல்ல நேரும் இடங்கள் தாமே குறையும்.

பிறர் கையால்

மூன்றாம் வினாவே நமக்கு மிக முக்கியமானது. பெருக்க வரும் பெண்ணைக் கொண்டு தூவச் செய்தால் பாவம் இல்லையா?

உண்டு. தன் கையால் கொல்வதும் பிறரை ஏவிக் கொல்விப்பதும் உரையாசிரியர் கணக்கில் கொலையின் வகைகளே. ஏவியவருடைய எண்ணம் நிறைவேறுகிறது. ஏவப்பட்டவருடைய கையும் அதில் சேர்கிறது. ஒரு வினை இருவருக்கு ஆகிறதேயன்றி ஒருவரிடமிருந்து நீங்கிவிடவில்லை.

ஆனால் நாம் இங்கு நூல்வழக்கோடு நின்றுவிட முடியாது. அழுக்கான செயலைச் செய்ய ஒரு கூட்டத்தாரை வைத்துக்கொண்டு, அச்செயலின் பயனைத் தாம் துய்த்து, தம் கை தூயது என்று கூறி, செய்தவரைத் தீட்டு என்று ஒதுக்கிய சமுதாயத்தின் வெளிவாசலில் நின்றவர் நம் முன்னோர். செத்த மாட்டை எடுக்கச் சொன்ன வாயே, எடுத்தவனைத் தொடாதே என்றது. அந்தத் தத்துவம் பொய்யென்று கண்டே நாம் வேறு நெறியை நாடினோம். அதே தத்துவத்தை ஒரு பொட்டலம் எறும்புப்பொடியின் வடிவில் நம் வீட்டுக்குள் மீண்டும் அழைக்கலாமா? எண்ணிப் பார்க்கவேண்டும். பெருக்க வரும் அப்பெண்ணுக்கும் ஒரு மனம் உண்டு. அவளுக்கும் ஒரு குழந்தை இருக்கலாம். நாம் செய்ய அஞ்சும் செயலை அவளுக்குக் கூலி கொடுத்து மாற்றிவிட முடியாது. செய்யவேண்டியது என்று துணிந்தால் நாமே செய்வோம். செய்யத்தகாதது என்று துணிந்தால் எவரையும் செய்யச் சொல்லோம்.

இவ்விடத்தில் மற்றொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. வாசலில் அரிசிமாவால் கோலமிட்டு, அது எறும்புக்கு உணவு என்பது தமிழர் வழக்கம். வடமேற்கிலிருந்து கொல்கத்தாவில் வந்து குடியேறிய வணிகர் குடும்பங்களிலும் எறும்புப் புற்றில் மாவும் சர்க்கரையும் இடும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கமே, நாமும் அதனைப் போற்றுவோம். ஆயினும் எறும்புக்கு மாவிட்ட அதே வாசல் வழியாக நம் பாட்டனார் நடக்கக்கூடாது என்றிருந்த தெருக்களை நாம் மறந்துவிடவில்லை. எறும்புக்கு இரங்கியது தவறன்று. எறும்போடு இரக்கம் நின்றுவிட்டதே தவறு. நமக்கு நேர்மாறான தவறு நேரலாம். 'மனிதனுக்கு நீதி கிடைக்கட்டும், எறும்பைப் பிறகு பார்ப்போம்' என்று நாம் கூறத் தொடங்கினால், இரக்கத்தை வேறோர் இடத்தில் நிறுத்தியவர் ஆவோம். இரக்கத்துக்கு வரிசை எண் இல்லை.

சகோதரிக்கு நாம் எழுதிய விடை இவற்றின் சுருக்கமே. கல்லூரிச் சதுக்கத்தில் 1920இல் அநகாரிக தருமபாலர் காலத்தில் எழுந்த தருமராஜிக விகாரம் உள்ளதே, அங்கே ஒருநாள் சென்று மீண்டும் சீலம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் எழுதினோம்.

சில வாரங்களுக்குப்பின் மறுகடிதம் வந்தது. பொடிப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லையாம். வேப்பெண்ணெய்த் துணி கட்டிய நான்காம் நாள் கயிற்றில் சாரை இல்லையாம். அடுக்களைச் சன்னலுக்கு வெளியே ஒரு சிட்டிகை அரிசிமாவை நாள்தோறும் வைக்கிறாராம். அது பயன் தருகிறதா என்று தெரியவில்லை என்று அவரே எழுதுகிறார். கையில் ஊர்ந்த ஓர் எறும்பை ஊதிவிட்டபோது குழந்தை அதனைப் பார்த்துச் சிரித்ததாம்.

அக்குழந்தைக்குச் சீலம் இன்னதென்று தெரியாது. ஆயினும் தாய் சிற்றுயிரை நசுக்காமல் ஊதிவிடுவதை முதன்முதலில் கண்டுவிட்டது. இனி அது பலமுறை காணும். நம் வீடுகளில் குழந்தைகள் எதனைக் கண்டு வளர்கின்றன என்பதை நாம் ஒவ்வொருவரும் இன்றிரவு விளக்கணைக்கும் முன் சிந்திப்போமாக.